சம்பா மூழ்கிய பிறகு: பயிர் நிவாரணமும் காப்பீட்டுத் தொகையும் கைக்கு வரும் வழி

வடகிழக்குப் பருவமழை ஒரு தடவை ஓங்கி அடித்தால் மயிலாடுதுறை, நாகப்பட்டினம், திருவாரூர் பக்கத்தில் வயல் எது வாய்க்கால் எது என்று தெரியாது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. தண்ணீர் வடியத் தொடங்கியதும் ஊரில் எழும் முதல் கேள்வி, "கணக்கெடுக்க எப்ப வருவாங்க?" என்பதுதான். அவர்கள் வருவதற்குள் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. மழைக்கு முன்பே, நடவு முடிந்த கையோடு செய்து வைத்திருக்க வேண்டியது அதைவிட அதிகம். பணம் யார் வங்கிக் கணக்கில் ஏறும் என்பது பெரும்பாலும் அடங்கலில், அதாவது கிராமப் பயிர்ப் பதிவேட்டில், யார் பெயர் ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது. ஆகவே இந்த வழிகாட்டியும் நடவிலிருந்தே தொடங்குகிறது.

இரண்டு பணம், இரண்டு பாதை

நிவாரணம் வேறு, காப்பீடு வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, ஒன்றுக்கு விண்ணப்பித்தால் இன்னொன்றும் வந்துவிடும் என்று காத்திருப்பவர்கள் நிறைய.

நிவாரணம் என்று நாம் சொல்வது அரசு ஆணைகளில் இடுபொருள் மானியம் என்று வரும். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வருகிறது. அந்த நிதியில் ஒன்றிய அரசின் பங்கு 75 சதவீதம், தமிழக அரசின் பங்கு 25 சதவீதம். இதற்கு நீங்கள் முன்பணம் எதுவும் கட்டத் தேவையில்லை. பயிர் 33 சதவீதம் அல்லது அதற்கு மேல் பாதித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 2015 வரை இந்த எல்லை 50 சதவீதமாக இருந்தது.

2022-23 முதல் 2025-26 வரைக்கான விதிகளில் தொகை இப்படி: பாசன வசதியுள்ள பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, தென்னை, மா போன்ற பல்லாண்டுப் பயிருக்கு 22,500. நெல்லுக்குப் பார்த்தால் ஏக்கருக்கு 6,900 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஒரு மா நிலத்துக்கு, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்குக்கு, 2,300 ரூபாய் அளவு. சிறு, குறு விவசாயி அல்லாதவர்களுக்கு 2 ஹெக்டேர், அதாவது 5 ஏக்கர் வரைக்கும்தான் கணக்கு.

இது அடிப்படை விகிதம். மாநில அரசு தன் கையிலிருந்து கூட்டிக் கொடுப்பதும் உண்டு. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் அறுவடைக்கு நின்ற நெல் மழையில் சாய்ந்தபோது ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தபோது மரத்துக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் கிடைத்தது. ஆகையால் போன முறை வந்த தொகையை மனதில் வைத்துக்கொண்டு பேசாதீர்கள். அந்தந்தப் பேரிடருக்கு வரும் அரசாணையில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்கள் உரிமை.

காப்பீடு என்பது 2016 காரிப் பருவத்தில் (தென்மேற்குப் பருவமழைக் காலச் சாகுபடி) தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம். பிரீமியம் கட்டியவருக்கு மட்டும்தான் இது. நிவாரணம் வாங்கியவருக்குக் காப்பீடு கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், இரண்டும் தனித்தனிக் கணக்கு.

படி 1: நடவு முடிந்ததும் அடங்கல்

பட்டாவும் சிட்டாவும் நிலம் யாருடையது என்று சொல்லும். அந்த நிலத்தில் இந்தப் பருவத்தில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, யார் சாகுபடி செய்கிறார் என்று சொல்வது அடங்கல். கிராமக் கணக்கு எண் 2 என்று விஏஓ அலுவலகத்தில் சொல்வார்கள். கணக்கெடுக்க வருகிறவர்கள் கையில் இதுதான் இருக்கும்.

நடவு முடிந்ததும் விஏஓவைப் பார்த்து உங்கள் சர்வே எண், உட்பிரிவு எண், பயிர், பரப்பு நான்கும் சரியாக ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். ஃபசலி ஆண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிற ஆண்டு அது. 2025-26க்கு ஃபசலி 1435. போன ஃபசலியின் நகலை வைத்துக்கொண்டு இந்தப் பருவத்துக்கு விண்ணப்பித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கும் குடும்பங்களும், நான்கு பங்காளிகள் பெயரில் கூட்டுப் பட்டா இருக்கும் குடும்பங்களும் டெல்டாவில் ஏராளம். வெள்ளம் வந்த பிறகு வாரிசுச் சான்றுக்கு அலைந்தால் கணக்கெடுப்பு முடிந்துவிடும். பட்டா மாறுதலுக்கு இப்போதே மனுக் கொடுங்கள். அது நடப்பதற்குள் பருவம் வந்துவிட்டால், யார் எந்தப் பகுதியில் பயிர் செய்கிறார் என்று பங்காளிகள் எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு ஒப்புதல் கடிதத்தை விஏஓவிடம் கொடுத்து, அடங்கலில் சாகுபடிதாரர் பெயரைச் சரியாக எழுதச் சொல்லுங்கள்.

படி 2: குத்தகைக்குப் பயிர் செய்கிறவர்கள்

டெல்டாவில் நிவாரணம் தவறிப்போகும் இடம் பெரும்பாலும் இதுதான். சேற்றில் இறங்குகிறவர் ஒருவர், பட்டாவில் இருப்பவர் வேறொருவர். பட்டாதாரர் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார். விதை, உரம், நடவுக் கூலி எல்லாம் குத்தகைக்காரர் கடன் வாங்கிப் போட்டது. பட்டியலில் பட்டாதாரர் பெயர் ஏறிவிட்டால் பணமும் அவர் கணக்குக்குப் போய்விடும். பிறகு அவர் மனம் வைத்துக் கொடுத்தால்தான் உண்டு. இது நியாயமில்லை.

சட்டத்தில் வழி இருக்கிறது. 1969ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாய நிலக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி குத்தகைதாரர் தன் பெயரைப் பதிந்துகொள்ளலாம். கோயில் நிலம், மடத்து நிலம் சாகுபடி செய்கிறவர்கள் குத்தகை கட்டிய ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. ரசீது உங்கள் பெயரில் இருக்கிறதா, இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வாய்மொழிக் குத்தகையில் இருப்பவர்களுக்குத்தான் சிக்கல். பதிவு என்றாலே நிலத்துக்காரர் பயப்படுகிறார், நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று. அவரிடம் சண்டை போட்டு ஆகப்போவது எதுவுமில்லை. "இந்தப் பருவத்துக்கு மட்டும் அடங்கல்ல சாகுபடி என் பேர்ல இருக்கட்டுங்க, காப்பீடு கட்டணும்" என்று நடவுக்கு முன்பே பேசிப் பாருங்கள். பலர் இதற்குச் சம்மதிக்கிறார்கள். சம்மதித்தால் ஒரு வெள்ளைத்தாளிலாவது எழுதி வாங்கிவிடுங்கள். பயிர் மூழ்கிய பிறகு இதே பேச்சை எடுத்தால், பணம் யாருக்கு என்ற தகராறாகத்தான் முடியும்.

படி 3: வங்கிக் கணக்கு

பணம் நேரடியாக வங்கிக் கணக்குக்கு வருகிறது. கணக்கு உயிரோடு இருக்கிறதா, ஆதார் இணைந்திருக்கிறதா, பெயர் எழுத்துகள் ஆதாரிலும் பாஸ்புத்தகத்திலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று வங்கிக்குப் போய்ப் பார்த்துவிடுங்கள். வங்கிகள் இணைந்ததில் பழைய ஐஎஃப்எஸ்சி எண் செல்லாமல் போனவர்கள் புதியதைக் குறித்துக்கொள்ளுங்கள். விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண்ணை 2025இல் முகாம் போட்டுப் பதியத் தொடங்கினார்கள். இன்னும் எடுக்காதவர்கள் வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு எடுத்துவிடுங்கள்.

படி 4: காப்பீடு கட்டுவது

சம்பா நெல்லுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில், அதாவது பயிருக்குக் காப்பீடு செய்யும் மொத்த மதிப்பில், 1.5 சதவீதம். உதாரணத்துக்கு உங்கள் மாவட்டத்தில் ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பிரீமியம் 540 ரூபாய். மீதியை ஒன்றிய அரசும் மாநில அரசும் கட்டுகின்றன. காரிப் பருவப் பயிருக்கு 2 சதவீதம், தோட்டக்கலை மற்றும் வணிகப் பயிர்களுக்கு 5 சதவீதம். குறுவைக்குச் சில ஆண்டுகளில் திட்டம் அறிவிக்கப்படாமலே போயிருக்கிறது. ஆகவே பருவம் தொடங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சம்பாவுக்குக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15. சில ஆண்டுகளில் நீட்டித்திருக்கிறார்கள். நீட்டிப்பார்கள் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். நவம்பர் இரண்டாம் வாரத்தில் மழையும் வரும், இ-சேவை மையத்தில் கூட்டமும் வரும், சர்வரும் படுத்துக்கொள்ளும். அக்டோபரிலேயே கட்டிவிடுவது நல்லது.

கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ பயிர்க்கடன் வாங்கியவர்களுக்கு அவர்களே பிரீமியத்தைப் பிடித்துக் கட்டுவார்கள். 2020 காரிப் முதல் இது கட்டாயமில்லை. வேண்டாம் என்பவர் கடைசித் தேதிக்கு 7 நாள் முன்பு எழுதிக் கொடுக்க வேண்டும். பிடித்தார்களா, பிடித்ததைக் கட்டினார்களா என்று கேட்டு ரசீது வாங்கும் பொறுப்பு நம்முடையது.

ரசீது வந்ததும் ஒரு வரி விடாமல் படியுங்கள். முக்கியமாக வருவாய்க் கிராமத்தின் பெயர். இழப்பீடு கிராமத்தை அலகாக வைத்துத்தான் கணக்காகிறது. ஒரே பெயரில் மேலூர், கீழூர் என்று இரண்டு கிராமம் இருக்கும் ஊர்களில் கணினியில் தவறானதைத் தட்டிவிட்டால், உங்கள் பயிர் அழிந்தும் பக்கத்து ஊரின் மகசூலை வைத்து உங்களுக்குக் கணக்குப் போடுவார்கள். சர்வே எண், பரப்பு, வங்கிக் கணக்கு எண்ணையும் சரிபாருங்கள். ஒரே சர்வே எண்ணுக்கு நிலத்துக்காரரும் குத்தகைக்காரரும் ஆளுக்கொரு பக்கம் கட்டிவிட்டால் நிராகரிப்புதான் வரும். தவறு தெரிந்தால் கடைசித் தேதிக்குள்ளேயே அதே மையத்தில் திருத்தச் சொல்லுங்கள்.

படி 5: மழை அடித்த நாளிலிருந்து

படம் எடுங்கள். இடமும் தேதியும் படத்திலேயே பதிகிற செயலி இருந்தால் நல்லது. மோட்டார் கொட்டகை, மின்கம்பம், மதகு என்று அடையாளம் தெரிகிற ஏதாவது ஒன்று படத்தில் இருக்கட்டும். அதே இடத்தில் நின்று முதல் நாள், மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் என்று எடுத்தால் பயிர் எத்தனை நாள் தண்ணீருக்குள் கிடந்தது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கணக்கெடுப்புக்காகத் தண்ணீரை வடிக்காமல் வைத்திருக்க வேண்டாம். பிழைக்கிற பயிரைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. பயிர் முழுக்க அழுகி, மறுநடவுக்கு உழ வேண்டிய நிலை என்றால், உழுவதற்கு முன் படம் எடுத்துவிட்டு உதவி வேளாண்மை அலுவலருக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் பின்னால் கைகொடுக்கும்.

ஆடு மாடு இறந்திருந்தால் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரை அழைத்துச் சான்று வாங்குங்கள். பசு, எருமைக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 என்று விதியில் இருக்கிறது. சான்றில்லாமல் இது கிடைக்காது. வயலில் மண் மேடிட்டிருந்தால் அதை அகற்ற ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் தனியாக உண்டு. பலர் இதைக் கேட்பதே இல்லை.

காப்பீடு கட்டியவர்களுக்கு 72 மணி நேரம் என்ற கெடுவும் இருக்கிறது. ஆனால் அது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஊர் முழுக்க மகசூல் குறைந்தால் வரும் இழப்பீட்டுக்கு நீங்கள் தகவல் சொல்லத் தேவையில்லை, அது தானாகக் கணக்காகும். ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போல உங்கள் வயலை மட்டும் தாக்கும் பேரிடருக்கும், அறுத்து வயலிலேயே காயப்போட்டிருந்த பயிர் அறுவடை முடிந்து 14 நாளுக்குள் புயல் மழையிலோ பருவம் தவறிய மழையிலோ கெட்டதற்கும்தான் 72 மணி நேரம். 14447 என்ற எண்ணுக்குப் பேசி, கிடைக்கும் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

இதில் டெல்டாக்காரர்களுக்குப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. நெல் தண்ணீரில் மூழ்குவது தனி வயல் இழப்பில் சேராது என்று 2018இல் எடுத்துவிட்டார்கள். வெள்ளம் வருகிற ஊரில் நெல் மூழ்குவதற்குக் காப்பு இல்லையென்றால் வேறெதற்குக் காப்பீடு? பல ஆண்டு கோரிக்கைக்குப் பிறகு, 2026 காரிப் முதல் அதை மறுபடி சேர்ப்பதாக 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தது. இனி மூழ்கிய உடனேயே 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

இன்னொன்று. இயந்திரத்தில் அறுத்து நேரடி கொள்முதல் நிலைய வாசலில் குவித்து வைத்த நெல் நனைந்தால், அறுவடைக்குப் பிந்தைய காப்பீட்டில் அது வராது. அறுத்துப் பரப்பிய பயிருக்குத்தான் அந்தக் காப்பு. குவித்த நெல்லுக்குத் தார்ப்பாயைத் தவிர வேறு துணை இல்லை. கொள்முதலில் 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லிப் போராடுவது தனி வழக்கு.

படி 6: கணக்கெடுக்க வரும் நாள்

வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து பார்ப்பார்கள். விஏஓவும் உதவி வேளாண்மை அலுவலரும் வருவார்கள். தோட்டப் பயிர் என்றால் தோட்டக்கலைத் துறை. அன்றைக்கு நீங்கள் வயலில் இருக்க வேண்டும், அல்லது விவரம் தெரிந்த ஒருவரை நிறுத்த வேண்டும்.

வெள்ளம் வடிந்து பத்து நாள் ஆகிவிட்டால் பயிர் தலைதூக்கி நிற்கும். வரப்பில் நின்று பார்ப்பவருக்குப் பச்சையாகத்தான் தெரியும். 20 சதவீதம் என்று எழுதிவிட்டுப் போனால் 33ஐத் தொடவில்லை, ஒரு ரூபாயும் வராது. ஆகவே வரப்பிலேயே பேசி அனுப்பாமல் வயலுக்குள் அழைத்துப் போங்கள். நான்கைந்து இடத்தில் குத்தைப் பிடுங்கி வேர் அழுகியிருப்பதைக் காட்டுங்கள். தூர் எத்தனை செத்திருக்கிறது என்று அவரையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். பூக்கும் பருவத்தில் மழை பிடித்திருந்தால் கதிரைக் கையில் உருவி, மணிக்கும் பதருக்கும் உள்ள கணக்கைக் காட்டுங்கள். கதிர் சாய்ந்து முளைவிட்டிருந்தால் அதை ஒரு பிடி எடுத்துக் கையில் கொடுங்கள்.

அவர்கள் என்ன சதவீதம் எழுதினார்கள், எவ்வளவு பரப்பு எழுதினார்கள் என்று அங்கேயே கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. மரியாதையாகக் கேளுங்கள். ஒரு விஏஓ ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கான வயல்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது, அவரும் சேற்றில்தான் நடக்கிறார்.

படி 7: பட்டியல்

விஏஓவிடமிருந்து வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், கோட்டாட்சியர் வழியாக ஆட்சியருக்குப் பட்டியல் போகும். அரசாணை வந்த பிறகு பணம் விடுவிக்கப்படும். மேலே போன பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பது மிகக் கடினம். விஏஓ கையில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். தனியாகப் போவதைவிட ஊரில் பத்துப் பேர் சேர்ந்து போய், பட்டியலைக் கிராம மக்கள் பார்வைக்கு வைக்கச் சொல்லிக் கேட்பது பலன் தரும். விடுபட்ட பெயருக்கும் பயிரே செய்யாமல் ஏறிய பெயருக்கும் ஊருக்குள்ளேயே பதில் கிடைத்துவிடும்.

பெயர் இல்லையென்றால் அன்றே வட்டாட்சியருக்கு மனு. அடங்கல், பட்டா நகல், படங்கள், வங்கிப் புத்தக நகல் வைத்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை உங்கள் நகலில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 8: காப்பீட்டுத் தொகை எப்படிக் கணக்காகிறது

"என் வயல் முழுக்கப் போச்சு, ஆனா ஏக்கருக்கு ஆயிரம்கூட வரல" என்று எல்லா ஊரிலும் கேட்கிறோம். காரணம் கணக்குப் போடும் முறை. கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்து ஆண்டுகளின் மகசூலைச் சராசரி பார்த்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதம் என்று அந்தப் பருவத்துக்கு அறிவித்த விகிதத்தைப் போட்டு, உத்தரவாத மகசூல் என்று ஒன்றை வைப்பார்கள். இந்த ஆண்டு கிராமத்தில் நான்கு இடங்களில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, அதன் சராசரியை உத்தரவாத மகசூலோடு ஒப்பிடுவார்கள். குறைந்த விகிதம்தான் இழப்பீட்டு விகிதம்.

உதாரணமாக உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 2,000 கிலோ. பரிசோதனையில் வந்தது 1,500 கிலோ. குறைவு கால் பங்கு. காப்பீட்டுத் தொகை 36,000 என்றால் 9,000 ரூபாய் வரும், ஊரில் காப்பீடு செய்த எல்லோருக்கும் ஏக்கருக்கு அதே தொகை. பரிசோதனையில் 2,050 கிலோ வந்துவிட்டால், பள்ளக்காலில் இருக்கும் உங்கள் வயலில் ஒரு மூட்டைகூடத் தேறாமல் போயிருந்தாலும் இழப்பீடு சுழியம்தான்.

அதனால் அந்த நான்கு பரிசோதனைகள்தான் ஊரின் தலையெழுத்து. எந்த சர்வே எண்களில், என்றைக்கு என்று உதவி வேளாண்மை அலுவலரிடம் முன்கூட்டிக் கேளுங்கள். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து அறுத்து எடை போடுவார்கள். அந்த நேரத்தில் ஊர்க்காரர்கள் உடனிருங்கள். தேர்வான வயலை முன்கூட்டியே இயந்திரம் விட்டு அறுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அளவு சரியா, எடை சரியா, ஈரம் கழித்தார்களா என்று பார்த்து, எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பருவத்தின் நடுவிலேயே மகசூல் பாதிக்கும் கீழே போகும் என்று தெரிந்தால் 25 சதவீதம் வரை முன்பணம் கொடுக்க விதி இருக்கிறது. 75 சதவீதப் பரப்பில் விதைக்கவே முடியாமல் போனாலும் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் தரலாம். இரண்டுக்கும் மாவட்ட அளவில் அறிவிப்பு வர வேண்டும். அதற்கு ஆட்சியரை நெருக்குவது விவசாயச் சங்கங்களின் வேலை.

படி 9: பணம் வராவிட்டால்

முதலில் வங்கியைப் பாருங்கள். பணம் வந்து கணக்குத் தவறால் திரும்பிப் போயிருக்கலாம். அப்புறம் மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டம். துறை அலுவலர்கள் எல்லோரும் ஒரே அறையில் இருப்பதால் அங்கே எழுப்பும் கேள்விக்குப் பொறுப்பான ஆள் எழுந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். திங்கள்கிழமை மனு நாளும் 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணும் இருக்கின்றன.

அதற்கும் அசையவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். கேள்வியைக் குறுகலாகக் கேளுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு: இன்ன கிராமத்தில் சர்வே எண் வாரியாக எடுத்த பயிர்ச் சேதப் பட்டியலின் நகல், ஒவ்வொன்றுக்கும் பதிந்த சதவீதம். வேளாண்மைத் துறைக்கு: அதே கிராமத்தின் உத்தரவாத மகசூல், அந்தப் பருவத்தில் நடந்த பரிசோதனைகளின் சர்வே எண், தேதி, எடை. ஏன் எனக்குக் கொடுக்கவில்லை என்று கேட்டால் சுற்றிவளைத்த பதில்தான் வரும். ஆவண நகல் கேட்டால் ஆவணம் வரும்.

காப்பீட்டு நிறுவனம் தாமதித்தால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும் என்று திட்ட விதியிலேயே இருக்கிறது. மனுவில் அந்த வரியைச் சேர்த்து எழுதுங்கள்.

பயிர்க்கடன் இருக்கிறவர்கள் வங்கிக்கும் ஒரு மனுக் கொடுத்துவிடுங்கள். 33 சதவீதத்துக்கு மேல் இழப்பு என்று அரசு அறிவித்த பகுதியில் குறுகிய காலப் பயிர்க்கடனைத் தவணைக் கடனாக மாற்றிக் கேட்க வழி உண்டு. கடன் கெடு தவறி வாராக்கடன் ஆவதற்கு முன்பே கேட்டால்தான் அடுத்த பருவத்துக்குப் புதுக்கடனும் கிடைக்கும்.